பழைய புல்லட்டுக்கு வீட்டிலேயே சைலன்சர் மாற்றியது: ஐந்து ஞாயிறுகளும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும்

சென்ற ஞாயிறு காலை பெரம்பூரிலிருந்து மாதவரம் வழியாகச் செங்குன்றம் வரை போய்த் திரும்பினேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டே ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டுப் பார்த்தேன். பின்னால் ஒரு வெடிச்சத்தமும் வரவில்லை. இதைக் கேட்பதற்காக, அதாவது கேட்காமல் இருப்பதற்காக, ஐந்து ஞாயிறுகள் செலவாகியிருக்கின்றன. இரண்டு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அது எங்கே நீண்டது, எந்த இடத்தில் நானே அதை நீட்டினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 1997ஆம் ஆண்டின் புல்லட் 350. வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சிசி, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அப்பா வாங்கியது, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பிறந்த இடமான திருவொற்றியூர் தொழிற்சாலை எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் என்பதால், வண்டிக்கு ஏதாவது வந்தால் "பொறந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுடலாமா" என்று அப்பா கேலி செய்வார். இந்த எஞ்சினில், புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப், சிலிண்டரின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டோடு போல்ட்டால் இணைவதில்லை. ஹெட்டில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கீழே ஒரு சிறு தாங்கி அதைப் பிடித்திருக்கும். அதற்குப் பின்னால் சைலன்சர் அதன்மேல் செருகப்பட்டு ஒரு கிளாம்ப்பால் இறுக்கப்பட்டிருக்கும். பின்னர் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்தச் செருகலில்தான் இருந்தது.

பழைய நீளமான சைலன்சர், கடைக்காரர்கள் லாங் பாட்டில் என்று சொல்வது, அடிவயிற்றில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் வருகிறது. கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் முழுச் சூடு ஏறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடுவதால், அந்த நீர் வெளியேறாமல் தாழ்ந்த இடத்தில் தங்கி உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிடுகிறது. முதலில் இரண்டு கலவைகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பசையால் அடைத்தேன். இரண்டாம் நாளே அது கருகி உதிர்ந்தது. சைலன்சரின் சூட்டைத் தாங்கும் பொருள் அது அல்ல என்பதை அதன் உறையிலேயே படித்திருக்கலாம். அடுத்து, தெருமுனை வெல்டிங் கடையில் 200 ரூபாய் கொடுத்து ஒரு ஒட்டு வைத்தேன். துருவேறித் தாள்போல் மெலிந்திருந்த தகடு, ஒட்டின் விளிம்பிலேயே புதிய ஓட்டைகளாகப் பொரிந்தது. ஒட்டுப் போடும் காலம் கடந்துவிட்டது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டபோது, பழையதைப் போன்ற லாங் பாட்டில், குட்டையான ஷார்ட் பாட்டில், கோல்ட் ஸ்டார், மெகாபோன் என வரிசையாக எடுத்து வைத்தார்கள். உள்ளே தடுப்பே இல்லாத வெறும் குழாய்களும் இருந்தன. அவற்றைப் பார்க்கவே இல்லை. நள்ளிரவில் தெருவை எழுப்பும் வயது கடந்துவிட்டது என்பது ஒரு காரணம். ஒலி, மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்கீழ் 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்பது மற்றொன்று. துளையிட்ட நடுக்குழாயைச் சுற்றிச் சத்தத்தை அடக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு, அதாவது கிளாஸ் வூல், அடைத்த ஷார்ட் பாட்டில் ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். பின்மூடி மூன்று திருகுகளால் கழன்று வருவது பிடித்திருந்தது. "எல்லா புல்லட்டுக்கும் சேரும்" என்றார் கடைக்காரர். எல்லாவற்றுக்கும் சேரும் பொருள் எதற்கும் சரியாகச் சேராது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு கழற்றுவதிலேயே போயிற்று. முந்தைய இரவே மண்ணெண்ணெயையும் பழைய எஞ்சின் ஆயிலையும் சமமாகக் கலந்து கிளாம்ப் போல்ட்டிலும் பின்பக்கத் தாங்கியின் நட்டுகளிலும் தூரிகையால் தடவி வைத்திருந்தேன். சில நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் சேர்ந்தது. சிலவற்றுக்குச் சேர்வதுபோல் பாவனை செய்து முனைகளை மழுக்கியது. ஒரு நட்டின் இரண்டு முனைகளை இழந்த பிறகுதான் அப்பாவின் தகரப் பெட்டியிலிருந்த பழைய விட்வொர்த் (பிரிட்டிஷ் அங்குல அளவு) ரிங் ஸ்பேனர்கள் நினைவுக்கு வந்தன. பழைய புல்லட்டில் கை வைப்பவர் இரண்டு அளவு ஸ்பேனர்களும் இல்லாமல் உட்காரவே கூடாது. கிளாம்ப் போல்ட் திரும்பாமல் முறிந்தது. அது நல்லதுதான், எப்படியும் புதிய கிளாம்ப் போடுவதாக இருந்தேன்.

போல்ட்டுகள் எல்லாம் போன பிறகும் சைலன்சர் பெண்ட் பைப்பை விடவில்லை. இருபத்தைந்து ஆண்டுத் துரு இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. இங்கேதான் அந்தத் தவறைச் செய்தேன். சைலன்சரின் வால்பகுதியை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டினேன். போதாதென்று ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பினேன். கால் மணி நேரத்தில் அது கிரீச்சிட்டுக் கழன்று வந்தது. அப்போது வெற்றி என்றே நினைத்தேன். நான் ஆட்டிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குழாயின் மறுமுனை சிலிண்டர் ஹெட்டுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தது என்பது நான்கு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாம் ஞாயிறு பொருத்தும் நாள். நுண்ணளவு காட்டும் வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது பெண்ட் பைப்பின் வெளிவிட்டம் 38.1 மி.மீ., புதிய சைலன்சர் வாயின் உள்விட்டம் 41.6 மி.மீ. என்று காட்டியது. மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கிளாம்ப்பால் மட்டும் இறுக்கிவிட முடியாது. குளிர்பானக் கேனை வெட்டிப் பட்டையாக்கிப் பல சுற்றுச் சுற்றிச் செருகினேன். இறுக்கமாக இருந்தது, பத்து நிமிடம் எஞ்சின் ஓடியதும் கேனின் வண்ணப்பூச்சு எரிந்து நாற்றம் அடித்தது, அரை மணியில் தகட்டுச் சுருள் தளர்ந்து ஒருபக்கமாக நழுவிக் கரும்புகை கசிந்தது. இதைப் பலரும் செய்கிறார்கள். ஒரு சுற்று இடைவெளிக்கு அது போதுமாக இருக்கலாம், என் இடைவெளிக்கு அது விளையாட்டு.

மறுநாள் லேத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் அண்ணன் நான் எழுதிக் கொண்டுபோன அளவைப் பார்க்கவே இல்லை; சைலன்சரைக் கையில் வாங்கி அவரே அளந்தார். "எழுதிட்டு வர்ற அளவ நம்பி நான் கடசல் போட்டா, அப்புறம் நீ என்னைத்தான் திட்டுவ" என்றார். மென் எஃகுக் குழாய்த் துண்டிலிருந்து 38.2 உள்விட்டமும் 41.5 வெளிவிட்டமும் 45 மி.மீ. நீளமும் உள்ள ஒரு புஷ், அதாவது இடைவெளியை நிரப்பும் வளையம், கடைந்து கொடுத்தார். 250 ரூபாய். அதில் 30 மி.மீ. ஆழத்துக்கு நான்கு வெட்டுகளை ஆக்சா பிளேடால் போடச் சொன்னதும் அவர்தான். வெட்டு இல்லாத முழு வளையத்தைக் கிளாம்ப்பால் நெருக்க முடியாது, வெட்டு இருந்தால் அது விரல்களைப்போல் மடங்கிக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய விளிம்புகளை அரத்தால் தேய்த்து, உட்புறத்தை எமரித் தாளால் துடைத்துச் செருகியபோது கையழுத்தத்திலேயே சீராகப் போய் உட்கார்ந்தது. இந்த வேலை முழுவதிலும் முதல்முறையே சரியாக அமைந்தது இந்தப் புஷ் மட்டும்தான், அதை நான் செய்யவில்லை.

அடுத்தது பின்பக்கத் தாங்கி. குட்டைச் சைலன்சரில் பற்றவைத்திருந்த காது (போல்ட் போடத் துளையுள்ள தகடு), சட்டத்திலுள்ள துளைக்கு 22 மி.மீ. முன்னாலும் ஏறக்குறைய 10 மி.மீ. கீழேயும் நின்றது. சைலன்சரைக் கையால் தூக்கிப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி போல்ட்டைச் செருகி இறுக்கிவிட்டேன். போல்ட் ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைப்பது என்னைப்போன்ற ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளின் நோய். அந்த இழுப்பு முழுவதும் பெண்ட் பைப் வழியாகப் போய், ஏற்கெனவே நசுங்கியிருந்த அதன் முனையைப் போர்ட்டிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

வண்டி கிளம்பியது, சத்தமும் நன்றாகவே இருந்தது. தெருமுனையில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பட், பட், படார். ஒவ்வொரு முறை வேகம் குறைக்கும்போதும் இதேதான். பால்காரர் திரும்பிப் பார்த்தார். நாய்கள் துரத்தவே இல்லை, ஓடிவிட்டன.

இதற்குப் பிறகு இரண்டு ஞாயிறுகளை நான் வீணாக்கிய விதத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சைலன்சர் மாற்றினால் புகை எளிதாக வெளியேறும், அதனால் பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்துவிடும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகான ஜெட்டை மாற்ற வேண்டும் என்று எங்கும் சொல்லக் கேட்டிருந்ததால், நேராகப் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போய்விட்டேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, கலவை மெலிந்ததன் அடையாளமாக, வெளிர் நிறமாகத் தெரிந்தது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்ததால் அப்படித் தெரிந்தது என்று இப்போது நினைக்கிறேன். விஎம்24 கார்புரேட்டரிலிருந்த மெயின் ஜெட்டில் 90 என்று பொறித்திருந்தது. 95 போட்டேன், வெடிப்பு நிற்கவில்லை. 100 போட்டேன், பிளக் கரியாயிற்று, லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தந்த வண்டி முப்பதுக்கு இறங்கியது, வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. பெட்ரோலைக் கூட்டக் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன். காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்குருவைக் கால் திருப்பு உள்ளே, அரைத் திருப்பு வெளியே என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றியதால் எது என்ன செய்தது என்றும் தெரியாமல் போயிற்று. ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிய நிலையில் வரும் கோளாறுக்கு, அது நன்றாகத் திறந்திருக்கும்போது வேலை செய்யும் மெயின் ஜெட் எப்படிக் காரணமாகும் என்ற எளிய கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

சரியான கேள்வியைக் கேட்டவர் அப்பா. திண்ணையில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டே, "கழட்டும்போது பைப்ப ஆட்டினியா?" என்றார். ஆட்டினேன் என்றேன். "அந்த நீளச் சைலன்சர் ஒரு கடப்பாரைடா. அதப் புடிச்சு ஆட்டினா ஹெட்டுல இருக்கிற முனை என்ன ஆகும்?" அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

கசிவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஐந்தாம் ஞாயிறு காலை, எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது ஒரு சோதனை செய்தேன். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி, எதிர்த்து நிற்கும் இடத்தில் விட்டேன். அது பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும் அமுக்க வீச்சு என்பதால் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்; காற்று எஞ்சின் வழியே தப்பிக்காது. வீட்டிலிருந்த பழைய வாக்குவம் கிளீனரின் காற்றை வெளியே ஊதும் துளையில் குழாயை மாட்டி, அதைச் சைலன்சரின் வாலில் ஈரத்துணியால் சுற்றி அடைத்துக் காற்றை ஊதினேன். பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வோர் இணைப்பிலும் தூரிகையால் தடவினேன். புஷ் இருந்த இடத்தில் ஒரு குமிழிகூட இல்லை. சிலிண்டர் ஹெட்டில், குழாய் நுழையும் இடத்தின் கீழ்ப்பாதியில், சட்டியில் சோறு பொங்குவதுபோல் நுரை பொங்கியது. இந்தச் சோதனைக்கு ஆன நேரம் பத்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை. ஆக்சிலரேட்டரை மூடும்போது குழாய்க்குள் எரியாத பெட்ரோல் போகிறது. அதே வேளையில் புகைத் துடிப்புகளுக்கு இடையே உண்டாகும் உறிஞ்சல் இந்த இடைவெளி வழியே வெளிக்காற்றை இழுக்கிறது. இரண்டும் சூட்டில் சேர்ந்து வெடிக்கின்றன. கார்புரேட்டருக்கு இதில் பங்கே இல்லை.

பெண்ட் பைப்பைக் கழற்றி அளந்தேன். போர்ட்டின் உள்விட்டம் 38.3 மி.மீ.; குழாயின் முனை ஒரு திசையில் அதே 38.3, குறுக்கே 37.2. வட்டமாக இருக்க வேண்டியது முட்டையாகியிருந்தது. லேத்து அண்ணன் ஒரு கூம்புக் கட்டையை உள்ளே விட்டு, குழாயைச் சுழற்றிச் சுழற்றி வெளியிலிருந்து மெல்லத் தட்டி 37.9க்குக் கொண்டுவந்தார். குரோம் பூச்சு அந்த இடத்தில் கொஞ்சம் உரிந்தது. உள்ளே மறையும் பகுதி என்பதால் விட்டுவிட்டோம். இதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். போர்ட்டுக்குள் படிந்திருந்த கரியைக் கம்பித் தூரிகையால் சுரண்டினேன். சுரண்டும்போது எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கரித்தூள் சிலிண்டருக்குள் இறங்கும். பிறகு குழாயின் முனையில் 0.2 மி.மீ. செம்புத் தகட்டை ஒரே ஒரு சுற்று, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொட்டு நிற்கும்படி சுற்றி, அதன்மேல் சூடு தாங்கும் சைலன்சர் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசி, மரச்சுத்தியால் தட்டி இறக்கினேன். கடைசி அரை அங்குலம் உள்ளே போகும்போது சத்தம் மாறுவது காதுக்கே தெரிந்தது.

இந்த முறை வரிசையை மாற்றினேன். முதலில் பெண்ட் பைப். அதன் கீழ்த்தாங்கியைத் தளர்வாக மட்டும் மாட்டினேன். அடுத்து புஷ், சைலன்சர், இறுக்காத கிளாம்ப். சைலன்சர் தன் எடையில் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே அதற்கு அடியில் செங்கல்லும் மரச்சீவலும் வைத்துத் தாங்கினேன். சட்டத்தின் துளைக்கும் சைலன்சரின் காதுக்கும் இடையே அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, அதன்படி 25 மி.மீ. அகலமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புப் பட்டையில் புதிய தாங்கி செய்தேன், துளைகள் 8.5 மி.மீ. அதிர்வுக்காகச் சட்டத்தின் பக்கம் ஒரு ரப்பர் புஷ் வைத்தேன். எல்லா போல்ட்டுகளும் விரலாலேயே ஏறின. பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்கி, பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கினேன். கிளாம்ப் அரைத் திருப்பு போயிற்று.

கார்புரேட்டரில் ஜெட், கிளிப், ஏர் ஸ்குரு எல்லாவற்றையும் முதலில் இருந்த இடத்துக்கே கொண்டுவந்தேன். 90 ஜெட்டோடு இப்போது பிளக், இருக்க வேண்டியபடி, பழுப்பாக இருக்கிறது. மைலேஜ் 34க்கு வந்திருக்கிறது. புகைச் சோதனையை வேண்டுமென்றே கசிவு நின்ற பிறகுதான் எடுத்தேன். கசியும் இணைப்பில் வெளிக்காற்று கலந்து அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கார்பன் மோனாக்சைடு 3.1 விழுக்காடு வந்தது. 2000 மார்ச் 31 வரை தயாரான இரு சக்கர வண்டிகளுக்கு வரம்பு 4.5.

சத்தம் மட்டும் மனத்தை உறுத்தியது. வால்முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சாய்வாகக் கைபேசியை வைத்து அளந்தபோது 93 டெசிபல் காட்டியது. கைபேசிச் செயலியை அளவுகோலாக நம்பக் கூடாது. 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு உற்பத்தி நிலையில் விதித்த 80 டெசிபலோடு இதை ஒப்பிடவும் முடியாது, ஏனென்றால் அது ஓடும் வண்டியை ஏழரை மீட்டர் தள்ளி நின்று அளப்பது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே கைபேசியில் முன்னும் பின்னும் அளந்தால் மாற்றம் தெரியும். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கிளாஸ் வூல் பாதி இடத்தைக்கூட நிரப்பவில்லை. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, 150 ரூபாய்க்கு வாங்கிய பஞ்சை நடுக்குழாயைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டிக் கட்டுக்கம்பியால் கட்டி நிரப்பினேன். 88க்கு இறங்கியது. முழங்கை வரை மூடும் சட்டை போடாததால் இரண்டு நாள் அரித்தது.

கணக்கு: சைலன்சர் 1,900, புஷ் 250, தாங்கிப் பட்டையும் துளையும் 120, பேஸ்ட் 180, கிளாம்ப் 90, போல்ட் நட்டுகள் 60, கிளாஸ் வூல் 150, மண்ணெண்ணெய், எமரித் தாள் முதலியன 70, தேவையே இல்லாத இரண்டு ஜெட்டுகள் 160, முதலில் வீணாய்ப் போன வெல்டிங் 200. மொத்தம் 3,180 ரூபாய். சைலன்சரை நான் வாங்கிக் கொடுத்தால் மாட்டித் தர 600 ரூபாய் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆக, வீட்டிலேயே செய்து மிச்சம் பிடித்தேன் என்று சொல்ல வழியில்லை.

மறுமுறை செய்தால், பழைய சைலன்சரைக் கழற்றவே முயலமாட்டேன். வாய்க்கு அருகே நீளவாக்கில் ஆக்சா பிளேடால் அறுத்து உரித்து எடுப்பேன். எப்படியும் காயலான் கடைக்குப் போகும் பொருளுக்காக நல்ல குழாயை நசுக்கினேன். கடைக்குப் போகும்போது வெர்னியரையும் எடுத்துப்போவேன். சோப்புத் தண்ணீர்ச் சோதனையை முதல்முறை கிளப்புவதற்கு முன்பே செய்வேன்.

இப்போது மீதமிருப்பது இரண்டு. போர்ட்டுக்கு அருகே குரோம் நீலமும் மஞ்சளுமாக மாறியிருக்கிறது. அது போகாது, போக வேண்டியதும் இல்லை. ரப்பர் புஷ் சைலன்சர் சூட்டில் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவும்போது அதைக் கழற்றிப் பார்ப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கழற்றும்போது தானும் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.